திங்கள், மூன்று எழுத்து

ஞாயிற்றுக்கிழமை.

இன்று பக்கத்து வீட்டு மச்சாள் என்னோடு கதைத்துவிட்டாள்.

அவளின் ஆடு என் கத்தரிக் கன்றுகளைத் தின்ற நாளிலிருந்து, நாலு மாதமாக எங்களுக்குள் கதை பேச்சில்லை. ஆனால் இரண்டு வீட்டுக்கும் ஒரே ஞாயிற்றுப் பேப்பர்தான். குறுக்கெழுத்தில் பாதியை நான் நிரப்பி வேலியில் செருகுவேன். மீதியை அவள் நிரப்பித் தபாலில் போடுவாள். கோபத்திலும் இந்த ஒழுங்கு மட்டும் மாறவில்லை.

இன்றைக்கு 'திங்கள்' என்று ஒரு குறிப்பு, மூன்று எழுத்து. கிழமை, மாதம், நிலவு மூன்றுமே கட்டத்துக்குள் அடங்கும். நான் யோசியாமல் பேனையால் நிலவு என்று எழுதிச் செருகிவிட்டுக் குசினிக்குள் போனேன். உலை கொதிக்கவில்லை, அதற்குள் வேலிக்கு அங்காலிருந்து அவளின் சத்தம்.

"மச்சாள்! அது நிலவு இல்லை, மாதம்! மேலை இருந்து கீழை வாற 'வள்ளம்' உம்மடை நிலவிலை எப்பிடி வந்து முடியும்?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எனக்கு ஏலாது, நீரே வந்து திருத்தும்" என்றேன்.

வந்தாள். தேத்தண்ணி ஆறும்வரை ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை பிடித்தோம். ஆட்டைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. போகும்போது கத்தரிப் பாத்தியைப் பார்த்து, "நல்லாக் காய்ச்சிருக்கு" என்றாள். நாலு காய் பிடுங்கிக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு எல்லாக் கட்டத்தையும் பிழையாகவே நிரப்பிச் செருகப்போகிறேன்.