குளத்துக்கு அடியில் இன்னொரு குளம்

நவம்பர் 2, ஞாயிறு

வெயில். ஐப்பசியில் இப்படி ஒரு நாள் கிடைத்தது அதிர்ஷ்டம். பள்ளி அறிவியல் விழாவுக்காகத் தெருவுக்குப் பின்னால் உள்ள குளத்தை முழுதும் அளந்தாயிற்று. கரைக்குக் கரை நான்கு கோடுகள்.

கொண்டு போனவை:
– எக்கோ மெஷின். என் வகுப்பு அஞ்சனாவின் மாமாவுடையது. அவருக்கு விழிஞ்ஞத்தில் படகு. திரையின் ஒரு மூலை கறுப்பு.
– மீன் வரும் தெர்மோகோல் பெட்டி. மூன்று முறை கழுவியும் வாசனை போகவில்லை.
– அப்பா கடைக் கயிறு, இரண்டு சுருள். மீட்டருக்கு ஒரு முடிச்சு. எல்லா முடிச்சும் நான் போட்டது. விரல் எரிகிறது.
– குடை (திறக்கவில்லை).
– அப்பா.

பெட்டிக்குள் மெஷின். பெட்டிக்கு அடியில் அதன் காது, ஒரு எலுமிச்சம்பழம் அளவு. அதுவே கூப்பிடும், அதுவே கேட்கும். சத்தம் குளத்துத் தரையில் முட்டித் திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்து ஆழம். திரைக்கு நேர் மேலே அஞ்சனாவின் அம்மாவின் போன், வீடியோ ஓடிக்கொண்டே. (போன் குளத்துக்குப் போகிற விஷயம் அவள் அம்மாவுக்குத் தெரியாது.) இந்தக் கரையில் நான், அந்தக் கரையில் அஞ்.; ஆளுக்கொரு கயிறு. ஒரு முடிச்சு இழுக்க, பத்து எண்ண, அடுத்த முடிச்சு.

குளித்துக்கொண்டிருந்த ஒருவர் மீன் உண்டோ என்று இரண்டு தடவை கேட்டார். அப்பா அவரிடம் சொன்னது: "மீனும் பிடிக்கல, குளிக்கவும் இல்ல. குளத்துக்கு ஸ்கேன் எடுக்காளுவ."

அப்பா கிண்டலுக்குச் சொன்னாலும் சரியான சொல். அம்மாவின் ஆபீசுக்கு (கழக்கூட்டத்தில் உள்ளது) வருவதும் கடலின் ஸ்கேன்தான். கப்பல் ஒன்று காற்றை அழுத்தித் தண்ணீருக்குள் வெடிக்க விடும். பின்னால் கிலோமீட்டர் கணக்கில் நீளும் கேபிளில் ஆயிரக்கணக்கான காதுகள். சத்தம் கடலடியோடு நிற்காமல், அதற்கும் கீழே பாறை அடுக்குகள் வரை போய் வரும். அதிலிருந்து எண்ணெயும் எரிவாயுவும் தங்கியிருக்கக்கூடிய இடத்தை கம்ப்யூட்டரில் மாதிரியாகக் கட்டுவார்கள். அம்மாவின் வேலை, வேண்டாத சத்தத்தை அதிலிருந்து நீக்குவது. மேலே கேட்டால், ஆபீஸ் விஷயம் வெளியே சொல்லக் கூடாது என்பாள். மகளிடம் கூடவா?

நவம்பர் 3, திங்கள்

காலை மூட்டம், மழை இல்லை. பள்ளி விட்டதும் அஞ். வீட்டில் வீடியோ பார்த்தோம். தின்ன பழம்பொரி இரண்டு.

திரையில் குளத்துத் தரை, தடித்த கோடு. எதிர்பார்த்ததே. ஆனால் அதற்கும் கீழே இன்னொரு கோடு. மங்கலாக, ஆனால் சந்தேகமில்லாமல். மேல்கோடு குழிந்த இடத்தில் அதுவும் குழிகிறது. அஞ். வீடியோவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். எங்கள் மெஷின் தரைக்குக் கீழேயும் பார்த்திருக்கிறது! கப்பல் மாதிரியே.

எங்கள் யூகம்: குளத்தின் பழைய தரை. பின்னால் எப்போதோ மேலே மண் போட்டு, கல் பாவியிருக்க வேண்டும்.

சார்ட் வரைந்தேன். தண்ணீர் நீலம், கீழ் அடுக்கு காவி. அளந்த மூன்றாம் கோட்டில், ஓடை வந்து விழும் மூலையில் மட்டும் (முடிச்சு 2 முதல் 4 வரை) கீழ்க்கோடு காணவில்லை. பார்க்க ஓட்டை மாதிரி இருந்தது. புள்ளி வைத்துச் சேர்த்துவிடச் சொன்னாள் அஞ். சேர்த்தேன்.

அம்மாவிடம் சார்ட்டைக் காட்டினேன். காதில் ஹெட்போன், மீட்டிங். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

நவம்பர் 4, செவ்வாய்

ஷீலா டீச்சருக்குச் சார்ட் மிகவும் பிடித்துவிட்டது. ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொல்லி, அசெம்பிளியிலேயே அறிவித்தார்: ஒன்பது பி மாணவிகள் இருவர் குளத்துக்கு அடியில் இன்னொரு குளத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கைதட்டல். என் காது சூடாகிவிட்டது. வெள்ளிக்கிழமை தேர்வு. ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரு மாடல்தான் அறிவியல் விழாவுக்குப் போகும். எங்களுக்குப் போட்டி ஏ பிரிவின் சொட்டுநீர்ப் பாசனம் மட்டும். அதில் குழாய் ஒழுகுகிறது, அதுவும் சொட்டு சொட்டாக. அஞ். நாள் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தாள்.

மாலை. சார்ட்டுக்குக் கீழே ஒரு அட்டவணை ஒட்டலாம் என்று உட்கார்ந்தேன். முதல் கட்டத்தில் தண்ணீர் ஆழம். இரண்டாவதில் கீழ்க்கோடு எத்தனை மீட்டரில். மூன்றாவதில் இரண்டுக்கும் நடுவே உள்ள மண்ணின் தடிமன்.

தண்ணீர் 2.4, தடிமன் 2.4
தண்ணீர் 2.9, தடிமன் 3.0
தண்ணீர் 3.1, தடிமன் 3.1
தண்ணீர் 2.7, தடிமன் 2.7

எந்த மண்ணாவது எல்லா இடத்திலும் தனக்கு மேலே இருக்கும் தண்ணீரின் அளவே தடித்திருக்குமா?

பேனாவை மூடி வைத்துவிட்டேன். ரசம் சாதம். பாதிதான் இறங்கியது.

நவம்பர் 5, புதன்

மதியம் வரை புழுக்கம். சாப்பாட்டு நேரத்தில் அஞ்சனாவிடம் சொன்னேன். அது அடுக்கே இல்லை என்று நினைக்கிறேன். சத்தம் தரையில் முட்டி மேலே வருகிறது. தண்ணீரின் மேல்பரப்பு அதைக் கண்ணாடி மாதிரித் திரும்பக் கீழே அனுப்புகிறது. மறுபடி தரை, மறுபடி மேலே. இரண்டு தடவை போய் வந்ததால் இரண்டு மடங்கு ஆழத்தில் ஒரு கோடு. குளத்துக்கு அடியில் குளம் இல்லை. அதே குளம், இரண்டாம் தடவை.

அவள் லெமன் ரைசைக் கிளறிக்கொண்டே இருந்தாள். பிறகு, "எடீ வள்ளி, ஆரு நோக்கான்?" யார் இதைப் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்று. ஜட்ஜ் தடிமனையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்க்க மாட்டாராம். அட்டவணை ஒட்டாவிட்டால் போயிற்றாம். நான் முடியாது என்றேன். எனக்கு மார்க் பைத்தியம் என்றாள். இது மார்க்கே இல்லை என்றேன். மெஷின் தன் மாமாவுடையது என்றாள்.

கடைசி இரண்டு பீரியட் அவள் பின் பெஞ்சில்.

நான்கு மணிக்கு இடி, மழை. ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது. மழையே சொல்லிவிடுமே! குளத்தில் தண்ணீர் ஏறும், மிதக்கிற மெஷினும் ஏறும். கீழே உண்மையிலேயே பழைய தரை இருந்தால், தண்ணீர் ஏறிய அளவுதான் இரண்டு கோடும் இறங்கும். பொய்க்கோடாக இருந்தால் கீழ்க்கோடு அதைப் போல இரண்டு மடங்கு இறங்கும்.

பின்னால் மாற்றிச் சொல்லாமல் இருக்க இப்போதே எழுதி வைக்கிறேன். அளந்த முதல் கோடு, முடிச்சு 9. ஞாயிறன்று தரை 3.1, கீழ்க்கோடு 6.2. குளத்துப் படி ஒன்றின் உயரம் 15 செ.மீ. இரண்டு படி முழுகினால்:
உண்மை அடுக்கு என்றால் 3.4, 6.5
பொய் என்றால் 3.4, 6.8

நவம்பர் 6, வியாழன்

இரவெல்லாம் மழை. கலெக்டர் லீவு! காலை ஆறு மணிக்கு அப்பா போனைப் பார்த்துச் சொன்னார்.

அஞ்சனாவுக்கு மெசேஜ் அனுப்பினேன்: ‘இரண்டு படி முழுகிவிட்டது. மெஷின் வேண்டும். நீயும் வேண்டும்.’ பதில் இல்லை. ஒன்பதரைக்கு மழை விட்டது. பத்துக்குத் தெருமுனையில் தெர்மோகோல் பெட்டி மட்டும் நடந்து வந்தது. அதற்குப் பின்னால் அவள். முகம் இன்னும் உம்.

அப்பா குடையும் சுக்குக் காப்பியுமாகப் படியில் உட்கார்ந்தார். நாங்கள் முடிச்சு ஒன்பதுக்கு இழுத்தோம். பத்து எண்ணினோம். பெட்டி அவள் கரைக்குப் போனது. போனை எடுத்து முதலில் பார்த்தது அவள்தான். நான் இந்தக் கரையில். தண்ணீருக்கு மேலாகக் கத்திக் கேட்க வேண்டியிருந்தது. அவள் விரலால் காட்டினாள். மூன்று, நான்கு. பிறகு ஆறு. பிறகு எட்டு விரல்.

எட்டு விரலையும் விரித்தபடியே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை. அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஜெயிச்சாச்சா என்று கேட்டார். தோத்தாச்சுப்பா என்றேன். பின்னே எதுக்குச் சிரிக்கிய என்றார்.

மாலையில் அம்மா சார்ட்டைச் சுவரோரம் சாய்த்து வைத்து, இந்த முறை நின்று பார்த்தாள். "அன்னிக்கு நான் சரியாப் பாக்கல மக்ளே." பிறகு அட்டவணையைப் பார்த்தாள். அவள் ஆபீசில் இந்தப் பொய்க்கோட்டுக்குப் பெயர் மல்டிபிள். நீக்குவதற்கு ஆறு பேர், மாதக்கணக்காக. (ஆபீஸ் விஷயம்! ஆனால் ஞாபகப்படுத்தவில்லை.) தோசை வார்க்க எழுந்தவள் திரும்பி வந்து, ஓடை மூலையில் விரலை வைத்தாள்.

"இங்க எதுக்குப் புள்ளி?"

அங்கே கோடு வரவில்லை, நாங்களே சேர்த்தோம் என்றேன்.

"வராததைச் சேக்கப்பிடாது. அது ஏன் வரல?"

தோசைக்கல் புகைந்தது. போய்விட்டாள். நான் அந்தப் புள்ளிகளை அழித்தேன். காவி கலைந்து கொஞ்சம் அசிங்கமாகிவிட்டது. இருக்கட்டும்.

நவம்பர் 7, வெள்ளி

தூறல். அசெம்பிளிக்கு முன்பே ஷீலா டீச்சரிடம் இருவரும் போய்ச் சொன்னோம். டீச்சர் கொஞ்ச நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ஹெட்மிஸ்ட்ரஸிடம் தான் சொல்லிக்கொள்வதாகவும், ஆனால் அறிவித்தது அசெம்பிளியில் என்பதால் திருத்துவதும் அங்கேதான் என்றும் சொன்னார். "நீ தன்னெ பறயணம்." நானே சொல்ல வேண்டுமாம்.

மைக்கில். மலையாளத்தில். என் மலையாளத்தில் தமிழ் ராகம் கேட்கிறது என்று வகுப்பில் பாடிக் காட்டுவார்கள். அதனால் நான் மலையாளத்தை வாசிப்பேனே தவிர மைக் முன் பேசியதில்லை. அஞ். பக்கத்திலேயே நின்றாள், சார்ட்டைப் பிடிக்கிற சாக்கில்.

சொன்னது: குளத்துக்கு அடியில் குளம் இல்லை. நாங்கள் தவறாகப் படித்துவிட்டோம். தவறியது எப்படி, மழை அதை எப்படிக் காட்டியது என்பதுதான் இனி எங்கள் மாடல்.

சிலர் சிரித்தார்கள். இடைவேளையில் இரண்டு பேர் என் ராகத்தில் ‘குளம் இல்லா’ என்று பாடினார்கள். நன்றாகவே பாடினார்கள்.

மதியம் தேர்வு. ஜட்ஜாக வந்தவர் கல்லூரிக்காரர், மெல்லிய குரல். மழைக்குப் பின் எடுத்த அளவை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். பிறகு அம்மா வைத்த அதே இடத்தில் விரல். இங்கே ஏன் ஒன்றும் இல்லை? தெரியாது என்றேன். அஞ்., தரை சேறாக இருந்தால் சத்தத்தைத் தின்றுவிடுமாக இருக்கும் என்றாள். இருக்குமா, இருக்கிறதா என்று கேட்டார். சொட்டுநீரா நாங்களா என்பதைத் திங்கட்கிழமை சொல்வாராம். அதற்குள் அந்த மூலையில் என்ன என்று பார்த்து வர வேண்டும்.

சொட்டுநீர் இன்று ஒழுகவில்லை. நன்றாக இருந்தது, உண்மையில்.

நவம்பர் 8, சனி

வெயில், சுளீரென்று. பக்கத்து வீட்டு மாங்காய்த் தோட்டி (பறிக்கிற நீளக் கம்பு) இரவல். அப்பா என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றார். அஞ். வீடியோ. (போன் விஷயம் அவள் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. திட்டி முடித்து அவரும் வந்திருந்தார், போனைக் காவல் காக்க.)

முதலில் தெற்குப் படி. இங்கே இரண்டு கோடும் வந்திருந்தது. தோட்டியை இறக்கினேன். டக். கல். கை வரை அதிர்ந்தது. இன்னொரு இடம், டக்.

பிறகு ஓடை மூலை. இறக்கினேன். முட்டவில்லை. மெல்ல அழுத்தினேன். போய்க்கொண்டே இருந்தது, கெட்டித் தயிரில் கரண்டி போகிற மாதிரி. அப்பா மதி மதி, போதும் என்றார். உருவி எடுத்தபோது கடைசி இரண்டு முழமும் கறுப்புச் சேறு. அழுகின முட்டை வாசனை.

தோட்டி இருந்த இடத்திலிருந்து ஒரு குமிழி வந்தது. பிறகு மூன்று. பிறகு வரிசையாக. சேற்றுக்குள் அடைபட்ட வாயு; சத்தத்தைத் தின்றது இதுதானோ? அஞ்சனா எண்ண ஆரம்பித்தாள். இருபத்து மூன்று வரை எண்ணிவிட்டு, விட்டுவிட்டாள்.