ட்ராமில் வந்த மாதா

நிலவறையை வெறுமையாக்கித் தரச் சொல்லி வீட்டுக்காரர் நெருக்கிக்கொண்டே இருந்ததால் இன்று காலை அதற்குள் இறங்கினேன். பழைய குளிர் உடுப்புகள், உடைந்த சைக்கிள், யாருக்கும் வேண்டாத சூட்கேஸ்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் சுவரோடு சாய்ந்தபடி உன் பிள்ளைவண்டி நின்றது. நீலம் மங்கிப்போய்விட்டது. இழுத்ததும் அதே கீச்சுச் சத்தம். மேல்மூடியைத் தடவிப் பார்த்தேன். அந்தக் கிழிசல் அப்படியே இருக்கிறது, நீ சிவப்பு நூலால் தைத்த தையலோடு. நீல நூல் தேடக்கூட உனக்குப் பொறுமை இருக்கவில்லை. "கிழிஞ்சது மூடினால் சரிதானே, நிறமே முக்கியம்?" என்றாய்.

மாதாவின் கிரீடம் குத்திக் கிழித்த இடம் அது. நிலவறைப் படியிலேயே இருந்துவிட்டேன். நீ போய் ஒரு குளிர்காலம் கடந்துவிட்டதடி. உன்னை நினைத்து அழாமல் சிரித்தது இன்றுதான்.

ஜெர்மனிக்கு வந்து டுசல்டோர்ஃபில் நாங்கள் சந்தித்த காலத்தில் நான் புதிதாக வந்தவள், நீ வந்து சில வருடமாகியிருந்தது. நீ மன்னார், நான் யாழ்ப்பாணம். மாதத்தில் ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசை நடக்கும். அங்கே பின்வாங்கில் எனக்குப் பக்கத்தில் வந்து குந்துவாய். பிரசங்கம் தொடங்கி அரைவாசியில் உன் தலை என் தோளில் சாயும். ஹோட்டலில் சலவை வேலை முடித்து நேரே வந்திருப்பாய், மேலெல்லாம் சவர்க்கார வாசம். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன், கோயிலுக்கு வந்து நித்திரை கொள்ள வெட்கமில்லையா என்று. "பிள்ளை தாயின்ர மடியில நித்திரை கொண்டால் தாய் கோவிக்கிறவவே?" என்று திருப்பிக் கேட்டாய். உன்னோடு கதைத்து வெல்ல யாரால் முடிந்தது!

ஒக்டோபர் செபமாலை மாதம். மாதா சுரூபம் ஒரு வீட்டில் ஒரு கிழமை இருக்கும். திங்கட்கிழமை ரெஸ்ரோரண்டுகள் பூட்டியிருக்கும் என்பதால் ஆண்களுக்கும் அன்றுதான் ஓய்வு. அன்று பின்னேரம் எல்லோரும் அந்த வீட்டில் கூடிச் செபமாலை சொல்லுவோம். முடிந்ததும் அடுத்த வீட்டுக்காரர் மாதாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஊரில் எப்படியோ, இங்கே அது மெல்ல மெல்ல வேறு ஏதோவாக மாறிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் ரோல்ஸ் என்றால் அடுத்த வீட்டில் ரோல்ஸும் கட்லட்டும். அதற்கடுத்த வீட்டில் கேக்கும் சேர்ந்துவிடும். செபத்தை நடத்தியவருக்குச் செபமாலை அண்ணை என்று நீதான் பெயர் வைத்தாய். நல்ல மனுசன், ஆனால் அவர் சொல்லும் வேகத்துக்கு ஈடு கொடுக்க ஆளில்லை. நாங்கள் ஒரு மந்திரத்தை முடிக்க முன்னம் அவர் அடுத்ததைத் தொடங்கியிருப்பார். "வாய் செபிக்குது, காது அடுப்படியில பொரியிற சத்தத்தைக் கேக்குது" என்று நீ என் காதுக்குள் சொல்ல, நான் சிரிப்பை அடக்க இருமுவேன்.

அந்த வருடம் எங்கள் வீட்டுக்கும் மாதா வருவா என்று நினைத்திருந்தேன். எங்கள் வீடு என்று சொல்வதே பெரிய வார்த்தை. ஒற்றை அறை, ஒரு கட்டில், கால் ஆடும் மேசை. அந்த மேசையில் மாதாவை வைக்க வெள்ளை விரிப்பு ஒன்று வாங்கி மடித்து வைத்திருந்தேன். ஆனால் எங்கள் தெருவில் மற்றத் தமிழ் வீட்டுக்கு வந்த மாதா எங்கள் வாசலைக் கடந்து போனா. நான் வாய்விட்டுக் கேட்டேன். செபமாலை அண்ணை நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "கோயில் கலியாணம் முடிக்காத வீட்டுக்கு மாதாவைக் கொண்டு வாறது முறையில்லைத் தங்கச்சி. குறை நினையாதேங்கோ. ஒரு ஒழுங்கு இருக்குத்தானே."

எனக்கு அப்போது ஏழு மாதம். என்னவரும் நானும் கலியாணம் கட்ட மாட்டோம் என்றா இருந்தோம்? இங்கே அரசாங்கக் கந்தோரில் பதியாமல் கோயிலில் தாலி கட்ட ஏலாது, அன்றைய சட்டம் அது. கந்தோரில் பதிய ஊரிலிருந்து பிறப்பத்தாட்சி வேண்டும். ஊரிலோ சண்டை. பத்திரம் எடுத்து அனுப்ப ஆளில்லை, பாதையும் இல்லை. இது அந்த அண்ணைக்கும் தெரியும், அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அவர்களில் அரைவாசிப் பேர் இதே பத்திரங்களுக்காக அலைந்தவர்கள்தான். தெரிந்தும் சொன்னார்கள். அதுதான் நெஞ்சில் தைத்தது.

வீட்டுக்கு வந்து என்னவரிடம் சொன்னேன், இனி அந்தக் கோயில் வாசல் மிதிக்கமாட்டேன் என்று. பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஞானஸ்நானமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். வெறும் கோபத்தில் சொன்னதில்லை அது. கழுத்தில் கிடந்த செபமாலையைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டு மூடினேன். சின்னவயதிலிருந்து ஒருநாளும் கழற்றாதது. உனக்கும் அதைச் சொன்னேன். நீ ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. "ம்" என்றாய், போய்விட்டாய். இவளும் இப்படித்தானா என்று அன்று உன்னையும் திட்டினேன்.

அடுத்த கிழமை மாதா உன் வீட்டில். நடுவில் ஒருநாள் பின்னேரம் போன் அடித்தாய். "வீட்டில நிக்கிறியே? தண்ணியைக் கொதிக்க வை. ரெண்டு பேர் வாறம்."

புருசனோடு வருகிறாய் என்று நினைத்து மூன்று கோப்பை எடுத்து வைத்தேன். கதவைத் திறந்தால் மழையில் நனைந்தபடி நீயும் ஒரு பிள்ளைவண்டியும். உன் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் அந்த வண்டியை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தாய். அதற்குள் யாரோ கம்பளிச் சால்வையால் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்கள். சால்வையை விலக்கினாய். மாதா!

"எடி விசரி!" என்று கத்திவிட்டேன். நீ சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கதை சொன்னாய். ட்ராமில் ஒரு ஜெர்மன் கிழவி பிள்ளையைப் பார்க்க ஆசைப்பட்டுக் குனிந்தாவாம். சின்னவளுக்கு என்ன பெயர் என்று கேட்டாவாம். "மரியா" என்று சொன்னாயாம், சிரிக்காமல். கிழவி மூடியைத் தூக்கிப் பார்த்து, ஒரு நிமிடம் வாயைப் பிளந்து, பிறகு ட்ராம் பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கச் சிரித்தாவாம். இறங்கும்போது கைப்பையிலிருந்து ஒரு இனிப்பை எடுத்து மாதாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாவாம். அந்த இனிப்பை என் கையில் தந்தாய். "உனக்குத்தான். வாயும் வயிறுமா இருக்கிறாய்."

வண்டியிலிருந்து தூக்கும்போதுதான் கிரீடம் மூடியில் மாட்டிக் கிழிந்தது. நான் பதறினேன், நீ பதறவில்லை. லாச்சியைத் திறந்து நான் ஒளித்து வைத்த வெள்ளை விரிப்பை எடுத்தாய், மேசையில் விரித்தாய், மாதாவை வைத்தாய். "நீ வரேல்லையெண்டால் அவ வருவா. ஆரின்ர வீட்டுக்குப் போறதெண்டு அவவுக்குத் தெரியாதே? அவவுக்கே பிள்ளை பிறக்கேக்க ஒருத்தரும் இடம் குடுக்கேல்லை." இவ்வளவுதான் நீ செய்த பிரசங்கம். பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டு, வேலைக்கு நேரம் போச்சுது என்று ஓடிவிட்டாய். நானும் மாதாவும் தனியே இருந்தோம். அன்று நான் செபமாலை சொல்லவில்லை. அவவைப் பார்த்து அழுதேன், ஏசினேன், பிறகு சமைத்தேன். என் சீவியத்தில் அதைப்போல உண்மையாக நான் செபித்தது கிடையாது.

திங்கட்கிழமை வந்தது. நீ எல்லோருக்கும் போன் அடித்துச் சொல்லியிருந்தாய்: "மாதா இப்ப என்ர வீட்டில இல்லை. நீங்கள் கொண்டு போகாத அந்த வீட்டில இருக்கிறா. செபமாலை அங்கதான், வாறவை வாங்கோ." அடுத்ததாக மாதா போகவேண்டியது செபமாலை அண்ணையின் வீட்டுக்கு. அவர் வராமல் முடியாது. வந்தார், முகம் கறுத்துப்போய். அவரோடு ஒரு சிலர் வந்தார்கள், பலர் வரவில்லை. இருக்கக் கதிரை இல்லை. கட்டிலிலும் நிலத்திலும் இருந்தார்கள். ரோல்ஸ் இல்லை, கட்லட் இல்லை. பிளேன்ரீயும் பிஸ்கட்டும்தான். என்னவர் அடுப்படி மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், யாராவது ஒரு சொல் பிழையாகச் சொன்னால் மாதாவோடு எல்லோரையும் வெளியே அனுப்பிவிடும் முகத்தோடு.

அண்ணை தன் வழக்கமான வேகத்தில் தொடங்கினார். சொல்லி முடித்து மாதாவைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும் அவருக்கு. நீ இடையில் பேசினாய், எல்லோர் முன்னாலும். "அண்ணை, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கோ. அவளுக்கு மூச்சு வாங்குது."

அவர் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். மெதுவாகச் சொன்னால் சொல்வது காதில் விழும்தானே. முதலாம் பத்து முடிந்தது. திங்கட்கிழமைக்குச் சந்தோஷ தேவ இரகசியங்கள். ஆயிரம் தடவை சொன்ன வாயால் அண்ணை அடுத்ததை அறிவித்தார்: இரண்டாம் தேவ இரகசியம், தேவமாதா கர்ப்பவதியான எலிசபெத்தம்மாளின் வீட்டுக்குப் போனதைத் தியானிப்போமாக.

சொல்லிவிட்டு நின்றுவிட்டார். அவர் கண் என் வயிற்றில் நின்றது, பிறகு மேசையில் இருந்த மாதாவிடம் போனது. வெளியே ட்ராம் போவது கேட்டது. உன்னைப் பார்த்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். அதிசயமாக அன்று நீ நித்திரை இல்லை. அண்ணை திரும்பத் தொடங்கியபோது அவர் குரல் உடைந்திருந்தது. அடுப்படி மூலையிலிருந்து என்னவரின் குரலும் சேர்ந்தது. மிச்சச் செபம் முழுக்க அண்ணை அப்படித்தான், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

மன்னிப்பு என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னொரு கோப்பை பிளேன்ரீ கேட்டு வாங்கிக் குடித்தார். போகும்போது மாதாவைத் தூக்கிக்கொண்டு, "அடுத்த வருசமும் இஞ்ச கொண்டு வருவம் தங்கச்சி" என்றார். எனக்கு அது போதும். எல்லோரும் போன பிறகு லாச்சியைத் திறந்து செபமாலையை எடுத்துக் கழுத்தில் போட்டேன். பிள்ளை பிறந்து ஞானஸ்நானத்துக்குக் கொண்டு போனபோது நீதான் ஞானத்தாய். கந்தோர்ப் பதிவும் கோயில் கலியாணமும் அதற்கு வெகுநாள் கழித்தே நடந்தன. அன்று எங்கள் மகள் முன்னால் பூ எறிந்துகொண்டு நடந்தாள், நீ அவளுக்குப் பின்னால் விசில் அடித்தாய், கோயிலுக்குள்!

உன் கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரியில் உனக்குப் பக்கத்தில் இருந்து செபமாலை சொல்லுவேன். பாதியில் நீ நித்திரையாகிவிடுவாய். எழும்பியதும், முடிக்கவில்லையே என்று நான் குறைப்பட்டால், "முடிக்கவேணுமெண்டு ஆர் கேட்டது?" என்பாய். அந்தப் பாதிச் செபங்களை இன்னும் நான்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன், ட்ராமில், சமையலில், நடையில். மெதுவாகத்தான். உனக்கு நான் சொல்லாமல் விட்ட நன்றிகளும் அதற்குள்தான் கிடக்கின்றன.

வண்டியை மேலே கொண்டுவந்து கழுவித் துடைத்தேன். என்னவர் சக்கரத்துக்கு எண்ணெய் விட வந்தார். வேண்டாம், சத்தம் கிடக்கட்டும் என்றேன். இப்போதும் ஒக்டோபர்தான், இந்தக் கிழமை மாதா எங்கள் வீட்டில். எங்கள் பின்தெருவுக்கு ஒரு பிள்ளை குடிவந்திருக்கிறாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். கலியாணம் முறிந்துபோய்க் கைக்குழந்தையோடு தனியே இருக்கிறாள். எங்கள் சனம் அவளைப்பற்றிக் கதைப்பது உனக்குத் தெரியாததா? அவள் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். மாதாவைக் கொண்டுவரச் சொல்லி அவள் என்னைக் கேட்கவில்லை. நீ மட்டும் என்னைக் கேட்டுவிட்டா வந்தாய்?

மழைதான் பெய்கிறது. சால்வையால் கழுத்துவரை போர்த்திவிட்டேன். கிரீடம் மூடியில் படாமல் சரித்து வைத்திருக்கிறேன், அதுவும் உன் தவறிலிருந்து படித்ததுதான். இப்போதுதான் அந்தப் பிள்ளைக்குப் போன் அடித்தேன்.

"வீட்டில நிக்கிறியே பிள்ளை? தண்ணியைக் கொதிக்க வை. ரெண்டு பேர் வாறம்."