சுவரில் ஒட்டிய கண்ணாடி

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மழை இதோ வருகிறேன் என்று போக்குக் காட்டுகிறது. குடை மறந்தாயிற்று.

இன்றைய வேலை:
காவல் கோபுரப் பாதைக்கு வந்த ஜல்லி. பாதி மண். திருப்பி அனுப்ப வேண்டும்.
கிடங்கில் சிமெண்ட் மூட்டையெல்லாம் ஈரம். யாரிடம் சொல்லி அழுவது.
மேரி அக்கா (இனி மே.அக்கா) வீட்டுச் சுவர்.

கடைசியில் எழுதியதுதான் வேலை. மற்றதெல்லாம் சம்பளத்துக்கு. டிராம்பே மலை எங்கள் வனத்துறையுடையது. மண் சரியாமல் தாங்குகிற கருங்கல் சுவர் வேறு இலாகா கட்டியது. அந்தச் சுவரையே பின்சுவராக வைத்து எழும்பிய வீடுகள் எந்தக் கணக்கிலும் இல்லை. மண், கல், சிமெண்ட் எல்லாம் என் பொறுப்பாம். உத்தரவு போடும் அதிகாரம் மட்டும் இல்லை.

சுவரில் தண்ணீர் வடிய விட்ட ஓட்டைகளை வீட்டுக்கு வீடு சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டார்கள். வடியாத தண்ணீர் பின்னால் தேங்கிச் சுவரைத் தள்ளும். மே.அக்கா சமையலறையில் விரிசல் விட்டிருக்கிறது. போன மாதம் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டினேன். சுவர் அசைந்தால் அது உடையும். இன்று போய்ப் பார்த்தேன். முழுசாக இருக்கிறது. அப்பாடா.

"ஓட்டையத் தொறக்கச் சொல்லுதீங்க. தொறந்தா அழுக்குத் தண்ணி என் அடுப்பு மேலல்லா விழுது மேடம்?"

நியாயம்தான். சுவருக்குப் பச்சை பெயிண்ட், கண்ணாடி இல்லாத மாதா படம், கரண்டி மாட்ட ஆணி. மலையைத் தாங்குகிற சுவரில் ஆணி! டீயில் சுக்கு தட்டிப் போட்டிருந்தார்.

ஜூன் 11, புதன்

மழை பிடித்துக்கொண்டது. ஹார்பர் லைன் ரயில் லேட். செருப்பு அறுந்தது.

மேலதிகாரி பெரிய சாகேபிடம் (இனி பெ.சா.) மறுபடியும் கேட்டேன். மலைமேல் ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பினால் போதும். காட்டு நிலத்தில் ஒரு மண்வெட்டி மண் எடுக்கவும் மேலிடத்து அனுமதி வேண்டும். ஃபைல் போயிருக்கிறது. எங்கே என்று யாருக்கும் தெரியாது.

"பாரிஷ் கே பாத் தேக்தே ஹை, மேடம்." மழைக்குப் பிறகு பார்ப்போமாம். வாய்க்கால் கேட்டதே மழைக்குத்தான்.

விரிசல் பெரிசாகிறதா என்று கேட்டார். கண்ணாடி உடையவில்லை என்றேன். "தோ ஃபிர்?" அப்புறம் என்ன என்று கையை விரித்தார். என் கண்ணாடியே எனக்கு எதிராகச் சாட்சி.

ஜூன் 14, சனி

லீவு. துணி எதுவும் காயவில்லை. "க்யா லிக்தி ஹோ ரோஜ்?" தினமும் என்ன எழுதுகிறாய் என்று மகள் எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்து பஸ் போர்டு அளவுக்குக்கூட வராது. இந்த வீட்டில் இதைவிடப் பத்திரமான பூட்டு கிடையாது.

ஜூன் 17, செவ்வாய்

நேற்று முழுக்கக் கொட்டியது. இன்று மே.அக்கா வீடு. முன்பு நகம் மட்டும் நுழைந்த விரிசலில் இப்போது விரல் நுழைகிறது. கண்ணாடி மட்டும் அப்படியே. எப்படி? தடவிப் பார்த்தேன். கனமான கண்ணாடி. நான் ஒட்டியது மெலிசு.

"அக்கா, இது நான் ஒட்டினது இல்லையே?"

"அது எப்பமோ ஒடஞ்சி போச்சி மேடம். கரண்டி பட்டுட்டுன்னு நெனச்சேன். கவருமெண்டு சாமான் ஒடஞ்சா உங்களயல்லா ஏசுவாவ? அதான் மாதா படத்துக் கண்ணாடிய வெட்டி ஒட்டுனேன். அதுவும் நேத்து ராத்திரி ஒடஞ்சிது. மிச்சத்த ஒட்டுனேன்."

உட்கார்ந்துவிட்டேன். பயப்படுவாரே என்று அன்று காரணம் சொல்லவில்லை. கை படாமல் பாத்துக்கோங்கோ என்றேன். அதைத்தான் செய்திருக்கிறார். இன்று எல்லாம் சொன்னேன். புதுசாக ஒன்று ஒட்டினேன். உடைந்தால் உடனே போன் பண்ணணும் என்றேன். கேட்டுக்கொண்டே சுவரில் கை வைத்துப் பார்த்தார்.

ஜூன் 18, புதன்

பெ.சா.விடம் சொன்னேன். இந்த முறை ஃபைல் பறந்தது. வாய்க்காலுக்கு இல்லை, வீடுகளைக் காலி செய்ய. சாயங்காலமே கதவுக்குக் கதவு மராத்தியில் நோட்டீஸ். மாற்று வீடு? பல வருஷமாக இருப்பதற்குச் சாட்சியாகப் பழைய கரண்ட் பில் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமாம். இவர்களிடம் இல்லை. பெ.சா.வுக்கு ஏக சந்தோஷம்: "அச்சா காம் கியா ஆப்னே." நல்ல காரியமாம்.

ஜூன் 19, வியாழன்

மே.அக்கா டீ தரவில்லை.

"நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்லா மேடம்?"

"சுவர் விழும் அக்கா."

"செரி. எங்க போவ?"

வனக்காவலர் சந்தோஷை வைத்து ஓர் ஓட்டையைக் கடப்பாறையால் திறந்தேன். செம்மண் தண்ணீர் அடுப்பு மேலேயே பாய்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் போட்டார்கள். திட்டட்டும். நான் படி இறங்குவதற்குள் சாக்கைத் திணித்து அடைத்துவிட்டார்கள்.

ஜூன் 21, சனி

விடாத மழை. பஸ் ஓடவில்லை. டிராம்பே என்றதும் ஆட்டோக்காரர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள். செம்பூர் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன், வேறு என்ன செய்வது.

காலையில் மே.அக்கா போன்.

"மேடம், கண்ணாடி ஒடஞ்சிட்டு. இந்த மட்டம் நான் ஒண்ணும் ஒட்டல. சொல்லச் சொன்னீங்கல்லா, சொல்லிட்டேன்."

"உடனே வெளியே வாங்கோ அக்கா."

"வெளிய எங்க?"

எங்க வீட்டுக்கு வாங்கோ என்று சொல்லியிருக்கலாம். ஒரு ஹால், ஒரு ரூம், நாலு பேர். வாய் வரவில்லை. சர்ச்சுக்குப் போங்கோ, அங்கே உட்காருங்கோ என்றேன். என்னை எனக்கே பிடிக்கவில்லை.

"செரி மேடம். சோறு கொதிக்கி. வடிச்சிட்டுப் பாக்கேன்."

போனை அணைக்க மறந்துவிட்டார். கேட்டுக்கொண்டே நின்றேன். அரிசியைக் கிளறும் சத்தம். அப்புறம் கரண்டியை ஆணியில் மாட்டும் சத்தம்.