பாதி நிலம்

1907, ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

சிராங்கூன் சாலையில் பதினோரு வருடம் மளிகைக் கடை நடத்திச் சேர்த்த பணம் முழுவதையும் கடலோரம் காலாங்கில் நிலமாக்கிவிட்டேன். மண்தான் நிலைக்கும் என்று நம்பினேன். பக்கத்துத் துண்டையும் வாங்கிவிட, போன மாதம் செல்லம்மாளின் வளையல்களைக் கேட்டேன்.

"எல்லாத்தையும் மண்ணுலயே போட்டா எப்படிங்க? இது என் கையில இருக்கட்டும்" என்றாள்.

கட்டிய மனைவியே மறுக்கிறாளே என்று ஆத்திரம். "கையில கிடந்து குலுங்கத்தான் லாயக்கு" என்று கத்தினேன். அதன் பிறகு சரியாகப் பேச்சில்லை.

நிலத்தைப் பார்த்தாலாவது புத்தி வரட்டும் என்று இன்று அவளை ரிக்‌ஷாவில் அழைத்துப் போனேன். போய் இறங்கினால் பாதி நிலத்தைக் காணோம். என் எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மலாய்க்காரர் முழங்கால் தண்ணீரில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தார். தரகர் என்னை அழைத்து வந்த இரண்டு தடவையும் கடல் வற்றி உள்வாங்கியிருந்திருக்கிறது; ஏற்றம் வந்தால் பாதி நிலம் தண்ணீருக்குள். பருப்பு மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்து வாங்குகிறவன், இதை அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கியிருக்கிறேன். தரகரைத் திட்டி என்ன? பத்திரத்தில் இருப்பது என் கையெழுத்து.

செல்லம்மாள் திட்டட்டும் என்று நின்றேன். அவள் தண்ணீரைப் பார்த்தாள்; பிறகு திரும்பி மேட்டைப் பார்த்தாள்.

"மிச்சப் பாதி மேடாத்தானே இருக்கு. வாங்க, வெயில் ஏறுது."

திரும்பினோம். ரிக்‌ஷா பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் அவள் வளையல்கள் குலுங்கின. வீடு வரைக்கும் அந்தச் சத்தத்தைத்தான் பிடித்துக்கொண்டு வந்தேன்.