நூற்றுப் பதினெட்டு

அண்ணே,

இன்று காலை செல்லூரில் ஒரு வீட்டு வாசலில், பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஒரு தறிக்காரரின் காய்த்த விரலைத் துடைத்தேன். அந்த வாடை எழுந்ததும் என் கை நின்றுவிட்டது. உங்கள் விரலும் அப்படித்தான் இருக்கும். தறிநூல் அறுத்து அறுத்துக் காய்த்துப்போய், ஊசி எளிதில் இறங்காது.

பல வருடம் முன்பு உங்கள் தெருவில் நாங்கள் சுகாதாரப் பணியாளர்கள் வைத்த சர்க்கரைச் சோதனை முகாமுக்கு ஆளே வரவில்லை. வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் தறிக்காரர்கள் எப்படி வருவார்கள்? நீங்கள்தான் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி, ஷிப்ட் முடிந்தவர்களை டீக்கடைக்குப் போகவிடாமல் கூட்டிவந்தீர்கள். சர்க்கரை வந்தவர்களுக்காக மட்டுமல்ல, வரப்போகிறவர்களை முன்னமே கண்டு தடுக்கவும்தான் இந்தச் சோதனை என்பதை என்னைவிட நன்றாக அவர்களுக்குச் சொன்னீர்கள். எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கடைசியில்தான் உங்கள் கையை நீட்டினீர்கள்.

உங்கள் சர்க்கரை நூற்றுப் பதினெட்டு. நோய் என்றும் சொல்ல முடியாது, நலம் என்றும் சொல்ல முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கென்றே ஒரு பட்டியல் வைத்திருந்தோம். பெயர் எழுதி, சாப்பாடும் நடையும் பற்றிப் பேசி, வருடந்தோறும் திரும்பக் கூப்பிட வேண்டும். நானோ பெட்டியைக் கட்டிவிட்டேன். வீட்டுக்குப் போகும் பரவை பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. உங்களுக்கு ஒல்லியான உடம்பு வேறு, சர்க்கரை வராது என்று நினைத்துவிட்டேன்.

"ஒன்னுமில்லண்ணே. லேசா பார்டர்ல இருக்கு, அம்புட்டுத்தான்" என்றேன்.

பட்டியலில் உங்கள் பெயரை நான் எழுதவில்லை.

ஆறு வருடம் கழித்து ஆஸ்பத்திரியில் பார்த்தேன். மரத்துப்போயிருந்த காலில் ஆணி ஏறியதே உங்களுக்குத் தெரியவில்லையாம். புண் அழுகிய பிறகுதான் சர்க்கரை என்று தெரிந்ததாம். "ஒன்னுமில்லன்னுதான தங்கச்சி சொன்ன" என்றீர்கள். அதில் கோபமில்லை. புரியாத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற குரல். நான் போர்வையைச் சரிசெய்தேன். நான்காம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

பல மாதம் உங்கள் தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன். பிறகு ஒருநாள் உங்கள் வீட்டுக்கு வந்து மதினியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பட்டியல், பஸ், நான் சொன்ன சொல், எல்லாம். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் நிமிரவே இல்லை.

"அன்னைக்கு முகாம் முடிஞ்சு வந்து டீயில இன்னொரு கரண்டி சீனி போடச் சொன்னாரு" என்றார். "ஒன்னுமில்லன்னு நீ சொல்லிட்டன்னு அம்புட்டுச் சந்தோசம்."

கீரையை ஆய்ந்து முடித்து, கையைக் கழுவி வந்து, "எனக்கும் பாரு" என்று விரலை நீட்டினார். மறுநாள் வெறும் வயிற்றில் பார்த்தேன். அவர் சர்க்கரையும் உங்களுடையதைப் போல நடுவில்தான் இருந்தது. பெட்டியை மூடும் முன் பட்டியலில் பெயரை எழுதினேன். என்ன ஆகலாம், என்ன செய்தால் ஆகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்து பேசினேன்.

இப்போது தினமும் விடியலில் வைகைக் கரையோரம் நடக்கிறோம். மதினி முன்னால், நான் பின்னால். அவர் உடம்பு இதுவரை நன்றாகவே இருக்கிறது. உங்களைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. என்னை மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்டதில்லை. முன்னால் நடக்கும் அவரும் ஒருநாள்கூட என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை.