ஆளில்லாத காணியில் பீச் மரம்

ரொறன்ரோ
மே 9

அன்பு மகள் தனுஷிகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாய் இருக்கிறோம், நீயும் மருமகன் கெவினும் வயிற்றில் இருக்கிற என் பேரப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் இன்று விளக்கேற்றும்போதும் கேட்டேன். சுகம் என்று எழுதினாலும் எனக்கு இன்னும் கொதி அடங்கவில்லை. முந்தாநாள் போனில் தொடங்கினேன், நீ பாதியில் இங்கிலீசுக்குத் தாவி என்னை மடக்கிவிட்டாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, கடைசி வரைக்கும் வாசித்தே ஆகவேண்டும்.

முதலில் வீட்டுப் புதினம். அப்பாவின் முழங்கால் வலி கொஞ்சம் குறைவு, ஆனால் டொக்டர் சொன்ன பயிற்சியைச் செய்யச் சொன்னால் காது கேளாத மாதிரி இருக்கிறார். பெரியம்மாவின் மகன் றமேஸ் ஸ்ரௌவ்வில்லில் வாங்கிய வீட்டுக்குக் குடிபூரல் முடிந்தது. பெரிய வீடுதான், ஆனால் ஒரு பால் வாங்கவும் கார் எடுக்கவேண்டும். அவன் வீட்டுத் தெருவுக்கு, முந்தி அங்கே கமம் செய்தவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். சோளக்காட்டை அழித்து வீடு கட்டிய கொம்பனிக்காரனுக்கே முந்தி இருந்தவனைப் பற்றி அவ்வளவு நினைப்பு இருக்கிறது. நான் பெற்ற மகளுக்கு இல்லை.

நீ அனுப்பிய குடும்ப வரலாற்றைத்தான் சொல்கிறேன். சம்பந்தியார் தன் எண்பதாவது பிறந்தநாளுக்கு, ஒஹாயோவில் முதன்முதல் குடியேறிய தங்கள் முன்னோர் ஜேக்கப் ஹார்ட்வெல்லின் கதையை எழுதித் தரச்சொல்லி உன்னைக் கேட்டபோது எனக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை, கோயிலில் கண்ட ஆட்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன். நீ எழுதியது வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரே இருப்பில் வாசித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், இல்லை என்று சொல்லமாட்டேன். ஜேக்கப்பின் மனுசி ஹன்னா மழைக்குள் வண்டியில் பிள்ளை பெற்ற இடத்தில் அழுதுவிட்டேன். அவர்கள் பட்ட பாடு பொய்யில்லை. ஆனால் அடுத்த பக்கத்தில் என்ன எழுதி வைத்திருக்கிறாய்? ஜேக்கப் வந்து சேர்ந்தபோது அது ஆளில்லாத காணியாகக் கிடந்ததாம். சரி, ஆளில்லை என்றே வைப்போம். அதற்குக் கீழேயே, வந்த முதல் கோடையில் ஆற்றங்கரையில் நின்ற பீச் மரங்களில் பழம் பிடுங்கித் தின்று பசியாறினார்கள் என்றும், வெட்டித் துப்புரவாய்க் கிடந்த வெளியில் சோளம் போட்டார்கள் என்றும் நீயே எழுதுகிறாய். அந்த வெளியை வெட்டியது யார், கரடியா? எங்கள் பின்வளவில் அப்பா நட்ட பீச் கன்று காய்க்க மூன்று வருடம் பிடித்ததே, ஒவ்வொரு கோடையும் பழம் எங்கே பழம் எங்கே என்று நீ என்னை அரித்தெடுத்தாயே, மறந்துவிட்டாயா? நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்த பூர்வகுடிச் சனத்தை விரட்டிவிட்டு, அந்த மரத்துப் பழத்தையும் தின்றுவிட்டு, ஆளே இல்லை என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்?

இதைக் கேட்டதற்குத்தான் நீ, "அம்மா, உது குடும்பப் புத்தகம், அதுக்குள்ள ஏன் அரசியல்? மாமாவுக்கு மனம் நோகும்" என்றாய். உன் அப்பாவின் காணியைத் திருப்பி விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு மூன்று பேரும் ஊருக்குப் போனோமே, அது அரசியலா? சண்டைக்காலத்தில் எங்களைக் கிளப்பிவிட்டு இராணுவம் இத்தனை வருடம் அடைத்து வைத்திருந்த காணி. வீடு இருந்த அடையாளமே இல்லை, கிணறு மட்டும்தான் மிச்சம். காவலுக்கு நின்றவன் அரைகுறைத் தமிழில், இங்கே முந்தி ஒன்றும் இல்லை, வெறும் பத்தைக்காடு என்றான். நானும் அப்பாவும் பயத்தில் வாய் திறக்கவில்லை. கனடாவில் பிறந்த நீதான் கிணற்றுக்கட்டில் கையை வைத்துக்கொண்டு, "அப்ப இந்தக் கிணத்தை ஆர் வெட்டினது?" என்று கேட்டாய். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்பா இன்றைக்கும் அதைச் சொல்லாத ஆள் இல்லை. அந்தப் பிள்ளை எங்கே போனாள் என்றுதான் நான் கேட்கிறேன்.

சம்பந்தியாருக்கு மனம் நோகும் என்று என்னை வெருட்டாதே. அவர் நல்ல மனிதர். போன வருடம் வந்து நின்றபோது இடியப்பத்தைக் கையால் குழைத்துச் சாப்பிட்டுக்கொண்டு அப்பாவிடம் எங்கள் காணிக் கதையைக் கேட்டுக் கண் கலங்கியவர். எங்கள் கதைக்குக் கலங்கத் தெரிந்தவருக்குத் தன்னுடைய கதையைத் தாங்கத் தெரியாதா? நொந்தாலும் பரவாயில்லை, நோகட்டும். பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஜேக்கப்பும் முன்னோர்தான், அந்தக் கிணற்றை வெட்டிய உன் அப்பப்பாவும் முன்னோர்தான். நாளைக்கு அது இரண்டு கதையையும் கேட்டுவிட்டு உன் முகத்தைப் பார்க்கும்போது, நீயும் அந்தக் காவல்காரன் மாதிரி முகத்தைத் திருப்பப்போகிறாயா?

புத்தகம் அச்சுக்குப் போக இன்னும் ஒரு கிழமை இருக்கிறது என்றாய். அது போதும். ஒரு வரியைத் திருத்த ஒரு கிழமை வேண்டாம். அந்த வரியோடு அச்சடித்தால் அந்தப் புத்தகம் என் வீட்டுப் படி ஏறக்கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

இரும்புச்சத்துக் குளிசையை ஒழுங்காகப் போடு, தேநீரோடு போடாதே. கெவினுக்கு என் அன்பைச் சொல், அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நீயும் பிள்ளையும் எந்த நோய்நொடியும் அண்டாமல் நீடூழி வாழவேண்டும். பின்வளவு மரம் இந்த முறை கொப்புத் தெரியாமல் பூத்திருக்கிறது, பழுத்ததும் பாகு காய்ச்சி அனுப்புவேன், கோபம் வேறு, பழம் வேறு.

அந்த ஆற்றங்கரை மரங்களை நட்டது யார் என்று தேடிப் பார்த்து எழுது மகளே. பெயர் கிடைக்காவிட்டால் பெயர் தெரியாது என்று எழுது. ஆளில்லை என்று எழுதாதே.

கோபத்தோடும் அதைவிடக் கூடிய அன்போடும்,
உன் அம்மா
பாலேஸ்வரி