செவலை போன வீடு

பிப்ரவரி 9, திங்கள்
கம்பெனி திறக்க இன்னும் சில வாரம் ஆகுமாம். பட்டாசுக்குத் திரி செருகிப் பழகிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. விருதுநகர் சந்தையில் நான்கு பெட்டையும் ஒரு சேவலும் வாங்கி வந்துவிட்டேன். கோழியைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று என் வீட்டுக்காரர் சுந்தரபாண்டி கேட்டார். சாப்பிடத் தெரியும் என்றேன்.

பிப்ரவரி 10
பொழுது சாய்ந்தால் தானாகக் கூட்டுக்குள் போகும் என்று நினைத்தேன். ஐந்தும் முருங்கையில் ஏறிவிட்டன. நானும் ஏறினேன். கிளை முறிந்தது. கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிப்ரவரி 17
முட்டை! வெதுவெதுப்பாக. சிவப்புப் பெட்டை செவலைதான் இட்டது. பொரிக்க மனசு வரவில்லை — மத்தியானம் வரைக்கும்.

பிப்ரவரி 22
சண்டை. பக்கத்து வீட்டுப் பொன்னுத்தங்கம் மதினி சாக்கில் காயப்போட்ட வத்தலை ஐந்தும் கிளறித் தெருவெல்லாம் இறைத்துவிட்டன. கம்பெனியில் வருஷக்கணக்காக எனக்கு எதிரே உட்கார்ந்து வேலை பார்ப்பவள். வருத்தம் சொல்லத்தான் போனேன். "வளக்கத் தெரியாதவளுக்கு எதுக்குக் கோழி?" என்றாள். வத்தல் காயப்போடத் தெரியாதவர்களைப் பற்றி நானும் சொன்னேன். இனிப் பேச்சு இல்லை. சரி, இல்லை.

மார்ச் 5
மதினி இல்லாமல் பொழுது போகவில்லை. இதைக் கோழியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். செவலை முட்டையிடுவதையே நிறுத்திவிட்டது. அதற்கும் என் மேல் கோபமா?

மார்ச் 11
செவலையைக் காணோம். ஓடை வரைக்கும் தேடினேன். நாயா, கீரியா? ஒரு இறகுகூடக் கிடக்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு
மதினி வீட்டிலிருந்து கோழிக் குழம்பு வாசனை. அப்படிச் செய்வாளா? செய்ய மாட்டாள். செஞ்சிருந்தா? இவர் தடுத்தும் கேக்கல. நேரே அடுப்படிக்குள்ள போய் நின்னுட்டேன்.

"எங்க செவலையவா கொதிக்க வச்சிருக்கீக?"

மதினிக்கு முகம் செத்துப்போச்சு. கரண்டியை வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப் போனாள். விறகு அடுக்குக்குப் பின்னால் ஓர் ஓலைப்பெட்டி. உள்ளே செவலை. வயிற்றுக்கு அடியில் முட்டைகள் — இத்தனை நாளும் சுவர் தாண்டி வந்து இங்கேதான் இட்டிருக்கிறது. பக்கத்தில் தண்ணீர், ஒரு கை கம்பு.

"கறி கடையில வாங்குனது. இது நாலு நாளா இங்கன அடை கெடக்கு. நாந்தான் தீனி போடுதேன்."

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா மதினி?"

"எப்படிச் சொல்ல? நாமதான் பேசுறதில்லையே."

இருக்க வைத்துச் சோறு போட்டாள். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. என்ன கேள்வி கேட்டுட்டேன்.

மார்ச் 18
அடைக்கோழியை இடம் மாற்றினால் முட்டையை விட்டு எழுந்துவிடுமாம். ஆகையால் தினமும் நான்தான் போகிறேன். போனால் காப்பி. சில நாள் செவலையைப் பார்க்க மறந்து திரும்பிவிடுகிறேன்.

ஏப்ரல் 1
ஒன்பது குஞ்சு! இன்றைய தேதியை நினைத்து இவர் நம்பவில்லை. மதினி வந்து சொன்ன பிறகுதான் எழுந்தார்.

ஏப்ரல் 12
செவலை இந்தப் பக்கம் பறந்து வந்துவிடுகிறது. குஞ்சுகள் அந்தப் பக்கம் நின்று கத்துகின்றன. சத்தம் பொறுக்காமல் இவர் சுவரின் அடியில் இரண்டு கல்லைப் பெயர்த்து வழி விட்டார். கோழிகளுக்கு மட்டும்தான் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

சாயங்காலம் அந்த வழியாக வளையல் போட்ட கை ஒன்று நீண்டது, மீன் குழம்புக் கிண்ணத்தோடு.

"சீக்கிரம் வாங்குத்தா, சுடுது."